பழைய கணினியும் பக்கத்தில் ஓர் ஆளும்

அரசு லேப்டாப் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தக் கறுப்புத் திரை நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் முதலில் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். சில நொடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கடையில் கொடுத்து, மற்ற பெயர் வரவே வராதபடி அழித்து வாங்கிக்கொண்டவர்களும் நிறையப் பேர். அழித்த இடத்தில் கடைக்காரர் போட்டுக்கொடுத்தது பெரும்பாலும் உரிமம் இல்லாத விண்டோஸ்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்த பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம். அதன் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது. அந்தக் காலத்திலேயே எல்காட் தன் சொந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. அப்போது அதன் நிர்வாக இயக்குநர் சி. உமாசங்கர். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்களில் பாஸ் லினக்ஸை நிறுவலாம் என்று தகவல் தொழில்நுட்பத் துறை ஆலோசனையும் சொன்னது. ஆக, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற இயங்குதளம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதாக வந்து இறங்கிய சரக்கு இல்லை. பல லட்சம் வீடுகளுக்குள் ஒருமுறை வந்து, யாரும் பேசாமலே திரும்பிப் போன விருந்தாளி அது.

இப்போது அதைப் பற்றி மறுபடி பேச வேண்டிய நேரம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு மதுரையில் கணினி வைத்திருக்கும் பலரிடமும் ஒரே கேள்வி: "என் கணினி இனி ஓடாதா? புதுசுதான் வாங்கணுமா?"

ஓடும். நேற்று வரை செய்த வேலையை இன்றும் செய்யும். நின்றுபோனதில் முக்கியமானது பாதுகாப்புத் திருத்தங்கள். புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைத்துத் தருவது இனி அந்த நிறுவனத்தின் பொறுப்பில்லை. இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பவர், வாடிக்கையாளரின் ஆதார் நகலைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர், ஊரெல்லாம் சுற்றி வந்த பென் டிரைவைச் செருகுபவர் என்று இவர்களுக்கெல்லாம் அது நாளாக நாளாக ஆபத்து. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தந்திருக்கிறார்கள். அது தள்ளிப்போடுவதற்கு உதவும், தீர்த்து வைக்காது.

அடுத்த வழி விண்டோஸ் 11. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வாசலிலேயே நின்றுவிடும். ஆனாலும் முடிவெடுப்பதற்கு முன் மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சில கணினிகளில் அந்தச் சில்லு இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டாலே விண்டோஸ் 11 ஏறிவிடுகிறது என்றால், அதுதான் உங்களுக்கு எளிய வழி. இந்தக் கட்டுரை அப்படி ஏறாத கணினிகளுக்காக. திரையும் விசைப்பலகையும் செயலியும் நன்றாக இருந்தும், மென்பொருள் கைவிட்டதால் மட்டுமே பழசாகிப்போன கணினிகளுக்காக.

லினக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளைத் தட்டும் ஓர் ஆள்தான் பலர் மனதில் வருகிறார். அந்தப் படத்தைத் திரைப்படங்கள் கொடுத்துவிட்டன. உண்மையில் லினக்ஸ் என்பது கணினியின் பாகங்களை இயக்கும் உட்கரு. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை எழுதத் தொடங்கினார். அந்த உட்கருவைச் சுற்றி மேசைத்திரை, எழுதும் செயலி, உலாவி எல்லாம் சேர்த்துக் கட்டித் தருபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அப்படிக் கட்டியதில் ஒன்று 1993-ல் தொடங்கிய டெபியன். டெபியனிலிருந்து 2004-ல் உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து 2006-ல் லினக்ஸ் மின்ட் வந்தது. நம் பாஸும் டெபியன் வழிதான். மின்ட்டும் பாஸும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்.

முதன்முதலாக மாறுபவருக்கு நாம் சொல்வது மின்ட். காரணம் எளிமையானது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், நடுவில் திறந்திருக்கும் செயலிகள் என்று விண்டோஸ் 7-ல் பழகிய கை தடுமாறாத அமைப்பு அது. எழுத லிபர் ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ் இரண்டும் நிறுவும்போதே உள்ளே இருக்கும். வேறு செயலி வேண்டுமென்றால், மொபைலில் ப்ளே ஸ்டோர் திறப்பது மாதிரி சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து தேடி எடுக்கலாம். 2024-ல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. இன்னொன்றும் முக்கியம்: அது நம்மைக் கேட்காமல் புதுப்பித்தலை இறக்கிக்கொண்டு, நடு வேலையில் மறுதொடக்கம் ஆகாது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி, நாளுக்கு 2 ஜிபி என்று எண்ணிச் செலவழிக்கிறவருக்கு இதன் அருமை புரியும்.

கணினியில் 4 ஜிபி ராம் இருந்தால் மின்ட் ஓடும். 2 ஜிபி மட்டும் இருக்கும் பழைய அரசு லேப்டாப் என்றால், மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, இடம் இருந்தால் ராமையும் கூட்டுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கும் வேகம், எந்த இயங்குதளத்தை மாற்றினாலும் கிடைக்காது. இதை மறைத்துவிட்டு 'லினக்ஸ் போட்டால் கணினி பறக்கும்' என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் பாஸ் ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் இன்னொரு லினக்ஸைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. பாஸில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அது தோற்றதற்குக் காரணம் அந்தக் குறைகள் என்று நாம் நினைக்கவில்லை. பள்ளியில் கணினி ஆசிரியர் சொல்லித் தந்தது விண்டோஸ். டைப்பிங் சென்டரில் இருந்தது விண்டோஸ். சந்தேகம் வந்தால் கேட்கக்கூடிய மாமா பையனும் பக்கத்து வீட்டு அண்ணனும் தெரிந்து வைத்திருந்தது விண்டோஸ். அரசு மென்பொருளைக் கொடுத்தது, அதைத் தெரிந்த ஓர் ஆளைக் கொடுக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கி இன்று 'கைட்' என்று பெயர் பெற்றிருக்கும் அரசு நிறுவனம், பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை மாற்றியமைத்துத் தருகிறது. ஆனால் அவர்கள் செய்த பெரிய வேலை அது இல்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தை அந்த மென்பொருளை வைத்தே எழுதினார்கள். பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்துகிறார்கள். இடுக்கி மாவட்டத்துப் பிள்ளைக்கு லினக்ஸ் என்பது பள்ளிப் பாடம். மலை இறங்கினால் தேனி, அதையடுத்து உசிலம்பட்டி. இங்கே அதே வயதுப் பிள்ளைக்கு அது அழிக்க வேண்டிய பொருளாக இருந்தது. மொழியோ அறிவோ வசதியோ இந்த வேறுபாட்டுக்குக் காரணமில்லை.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம், நீதிமன்றங்கள். நாடெங்கும் மாவட்ட நீதிமன்றங்களையும் அவற்றுக்குக் கீழுள்ள நீதிமன்றங்களையும் கணினிமயமாக்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்துக்கு, உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி தேர்ந்தெடுத்தது தங்கள் தேவைக்கேற்ப மாற்றியமைத்த உபுண்டு. நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் முறையாகப் பயிற்சி தந்தார்கள். கணினித் துறைக்குச் சம்பந்தமில்லாத, நடுவயதைத் தாண்டிய ஊழியர்கள் பலர் அதில் பழகி அன்றாடம் வேலை பார்க்கிறார்கள். 'நமக்கெல்லாம் வராது' என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் நம்மிடம் இல்லை.

இனி, செய்யும் முறை. நிறுவுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. மின்ட்டின் கோப்பு சுமார் 3 ஜிபி. அதை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு செயலியைக் கொண்டு ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அந்த டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், அதனால் காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைச் செருகிக் கணினியை இயக்கும்போது எஃப்12 (எச்பி என்றால் பெரும்பாலும் எஃப்9) தட்டினால், எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் முழுதாக வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எதையும் அது தொடாது. வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், பென் டிரைவிலிருந்து ஓடுவதால். அரை மணி நேரம் உட்கார்ந்து வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். வைஃபை மட்டும் பிடிக்கவில்லையென்றால் பதற வேண்டாம். பிராட்காம் போன்ற சில சில்லுகளுக்குத் தனி இயக்கி (டிரைவர்) தேவைப்படும். மொபைலை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தால், மின்ட்டின் டிரைவர் மேனேஜர் தேடித் தந்துவிடும்.

அடுத்து பிரிண்டர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரையில் லினக்ஸுக்கு மாறிப் பார்த்துத் திரும்பி வருகிறவர்களில் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பத்திர எழுத்தர் அலுவலகம், வக்கீல் அலுவலகம், ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் கேனான் எல்பிபி 2900 மேசை மேல் இருக்கும். உழைப்புக்குப் பெயர் போன எந்திரம். ஆனால் அது கேனானுக்கே உரிய மொழியில் மட்டும் பேசும். பக்கத்தை வரைந்து தரும் வேலையைக் கணினியின் தலையில் போட்டுவிடும். லினக்ஸுக்கு அதன் இயக்கி பழையது, நிறுவுவது சிரமம். தெரிந்தவர் உதவியில்லாமல் புதியவர் அதில் இறங்குவதை நாம் ஊக்குவிக்க மாட்டோம். எச்பி லேசர்ஜெட் 1020 வேறு ரகம். அதை இயக்கும் ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்து ஒரு சிறு நிரல் போயாக வேண்டும். எச்பியின் லினக்ஸ் மென்பொருள் முதல்முறை ஒரு துணைக்கோப்பை இறக்கச் சொல்லும். இறக்கிவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை. எப்சனின் இங்க் டேங்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் அச்சடிக்கும். புதிதாக வைஃபையோடு வரும் பிரிண்டர்கள் பலவற்றுக்கு இயக்கியே தேவையில்லை. ஆகவே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும்போதே உங்கள் பிரிண்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். அந்த ஒரு தாள் உங்கள் முடிவில் பாதியைச் சொல்லிவிடும்.

மீதிப் பாதியைத் தமிழ் எழுத்து சொல்லும். யூனிகோடில் எழுதுபவருக்குக் கவலை ஒன்றுமில்லை. விண்டோஸில் அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் கொண்டு செய்ததை இங்கே ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் செய்யும். அதோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு முறை, ஆங்கில ஒலிப்பு முறை மூன்றும் கிடைக்கும். பழைய தட்டச்சு நிலையத்தில் பழகிய விரலுக்கும் இடமிருக்கிறது. லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் விண்டோஸுக்கு உரியவை என்பதால் மின்ட்டில் இருக்காது. லோகித், நோட்டோ போன்றவை அந்த இடத்தை நிரப்பும். தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் டிஏயு வரிசை எழுத்துருக்களையும் நிறுவிக்கொள்ளலாம். எழுத்துரு மாறும்போது வரி உடையும் இடம் மாறும், நான்கு பக்க மனு ஐந்து பக்கமாகும். அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சிக்கல் பழைய கோப்புகளில். பாமினி, வானவில், செந்தமிழ் என்று யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருபது வருடமாகத் தட்டி வைத்த மனுக்கள், பத்திரங்கள், கோயில் விழா நோட்டீஸ்கள் ஒவ்வொரு டிடிபி கடையிலும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. கணினிக்கு அவை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய கோப்புகள் அவை. அந்த எழுத்துருவை மின்ட்டில் நிறுவினால் படிக்கத் தெரியும்; ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாக விழும். இது லினக்ஸால் வந்த சிக்கல் இல்லை, விண்டோஸ் 11-க்குப் போனாலும் கூடவே வரும். எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை மட்டுமாவது யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இயங்குதளத்தை மாற்றாதவரும் செய்ய வேண்டிய வேலை இது.

யார் மாறக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேலியில் கணக்கெழுதும் கணினியைத் தொடாதீர்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கோரல் டிரா, பேஜ்மேக்கர், போட்டோஷாப் இவற்றால் பிழைக்கும் கல்யாணப் பத்திரிகை அச்சகமும் ஃப்ளெக்ஸ் கடையும் ஸ்டூடியோவும் அப்படித்தான். இங்கிருந்து சிவகாசி வரை வடிவமைப்புக் கோப்புகள் கோரலில்தான் கைமாறுகின்றன. இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் நல்ல செயலிகள்தாம், ஆனால் நாளை காலை எட்டு மணிக்கு டெலிவரி இருப்பவரை அதற்குப் பழகச் சொல்வது நியாயமில்லை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் தங்கள் கருவிக்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாற வேண்டியவர்கள் வேறு: படிக்கிற பிள்ளைகள், உலாவியிலேயே பாதி நாள் கழிக்கும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கடிதமும் கணக்குத் தாளும் இணையமும் போதும் என்கிற சிறு அலுவலகங்கள். பென் டிரைவில் இருக்கும் கோப்புறைகளையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் அந்தப் பழைய வைரஸ் மதுரையில் யாருக்குத்தான் தெரியாது? அது விண்டோஸை நம்பிப் பரவுவது, மின்ட்டில் இயங்காது. அதற்காக எச்சரிக்கையே வேண்டாம் என்று பொருளில்லை. ஏமாற்றிக் கடவுச்சொல் வாங்கும் திருட்டுத் தளத்தை எந்த இயங்குதளமும் தடுத்துவிடாது.

ஓட்டிப் பார்த்தாயிற்று, பிடித்தும்விட்டது என்றால் நிறுவலாம். முதலில் புகைப்படம், சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். நகல் திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் பாருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். நிறுவும்போது விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போடவா, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா என்று ஒரு கேள்வி வரும். பதற்றத்தில் தவறாக அழுத்தினால் திரும்பப் பெற முடியாத ஒரே இடம் அதுதான். முதல்முறை என்றால் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டு மாதம் இரண்டும் இருக்கட்டும். நிறுவிய அன்றே டைம்ஷிஃப்ட் என்ற செயலியை இயக்கிவிட்டால், பின்னால் ஏதாவது அமைப்பைக் கெடுத்துக்கொண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

தமிழில் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. 2012 முதல் வரும் கணியம் மின்னிதழ் லினக்ஸ் பற்றித் தமிழில் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் வெளியிட்டிருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் லினக்ஸுக்கும் லிபர் ஆபீஸுக்கும் தமிழ் விளக்கத்தோடு காணொளிகள் உண்டு. ஆனால் பாஸின் கதை சொல்வது, காணொளி மட்டும் போதாது என்பதைத்தான். பிரிண்டர் மக்கர் செய்யும்போது பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் மதுரையில் இல்லாமல் இல்லை. தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் காமராசர் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கும் மாணவர்களுக்கு லினக்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. இடமும் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு கூடத்தில் நான்கு மேசை, பிளக் பாயின்ட், நகல் எடுக்க இரண்டு பெரிய வெளி டிஸ்க், மின்ட் ஏற்றிய பத்து பென் டிரைவ், ஓட்டிப் பார்க்க ஓர் எல்பிபி 2900, ஒரு லேசர்ஜெட் 1020 வைத்து, மாணவர்கள் ஆறு பேர் உட்கார்ந்தால் போதும். வருகிறவர் தன் பழைய லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டுவரட்டும். ஒத்துவராது என்று தெரிந்தால் அதை அவரிடம் சொல்லி, கணினியை வந்தபடியே திருப்பிக் கொடுக்கட்டும். ஒத்துவந்தால் நிறுவித் தந்து, சந்தேகம் கேட்க அடுத்த சனிக்கிழமை எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். நூலக நிர்வாகமும் கல்லூரிகளின் கணினித் துறைகளும் கலந்து பேசினால், அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போதே முதல் சனிக்கிழமையை நடத்திவிடலாம்.